அர்ச்சனைக்கு முன்னும் பின்னும் பத்து மாதங்கள்

பொதுத்தேர்வு நெருங்கும் நாள்களில், திருவாரூர் மாவட்டம் பூந்தோட்டத்தை அடுத்த கூத்தனூரில் அருள்பாலிக்கும் சரஸ்வதி தேவியின் சந்நிதியிலும், கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்தில் மலைமீது எழுந்தருளியிருக்கும் ஹயக்ரீவர் சந்நிதியிலும் பள்ளிப் பிள்ளைகளின் கூட்டம் மிகுதியாக இருக்கும். தேங்காய், பழம், வெற்றிலையோடு பேனாவும் நுழைவுச் சீட்டும் அர்ச்சனைத் தட்டில் இடம்பெறும். கல்விக்குரிய தெய்வங்களின் அருளை நாடிச் செல்வது நம் மரபு. அதில் குறை காண ஏதுமில்லை. ஆயினும் அர்ச்சனை ஒரு நாள் நிகழ்வது; பிள்ளை வீட்டில் படிப்பதோ ஏறத்தாழ பத்து மாதங்கள். அந்த மாலைப் பொழுதுகள் எவ்வாறு கழிகின்றன என்பதைப் பல வீடுகளில் எவரும் கவனிப்பதில்லை.

வழக்கமாக நடப்பது இதுதான். சமையலறையிலிருந்து "படிக்கிறாயா?" என்று தாய் குரல் கொடுப்பார். "படிக்கிறேன்" என்று மறுமொழி வரும். புத்தகம் திறந்திருக்கும், கண்கள் வரிகளின் மேல் ஓடிக்கொண்டிருக்கும், முக்கியமான இடங்களில் வண்ணக் கோடுகளும் இருக்கும். இரண்டு மணி நேரம் இப்படிப் படித்த பாடத்தை மறுநாள் கேட்டால் பாதி நினைவில் இராது. உடனே சோம்பேறி என்ற பட்டம் கிடைத்துவிடும். பெரும்பாலும் அது சோம்பல் அன்று; படிக்கும் முறையில் உள்ள கோளாறு.

வேத பாடசாலைகளில் "சந்தை" சொல்லும் முறையைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவர்கள் இருமுறை திருப்பிச் சொல்வார்கள். பின்னர் பதம், கிரமம், ஜடை, கனம் என ஒரே மந்திரத்தைச் சொற்களின் வரிசை மாற்றி மாற்றி ஓதுவார்கள். அங்கே கற்றல் கண்ணால் நிகழ்வதில்லை. நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதால் நிகழ்கிறது. நம் வீட்டுப் பிள்ளையும் ஒரு பாடத்தை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் உள்ளதைச் சொல்லவோ எழுதவோ வேண்டும். விட்டுப்போனதை மட்டும் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரு வேறுபாடு உண்டு. மந்திரத்தில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. அறிவியல் பாடத்தை அப்படியே ஒப்பிப்பதில் பயன் குறைவு. தன் சொற்களில் சொல்ல முடிந்தால்தான் புரிந்ததாகப் பொருள்.

ஹெர்மன் எபிங்ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். மறதி தொடக்கத்தில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பது அவர் கண்டது. எனவே அன்று பள்ளியில் நடந்த பாடத்தை அன்று மாலையே ஒருமுறையும், மூன்று நாள் கழித்து ஒருமுறையும், வார இறுதியில் ஒருமுறையும் நினைவுகூர்வது, தேர்வுக்கு முந்தைய நாள் இரவெல்லாம் விழிப்பதைவிடப் பன்மடங்கு பயன் தரும். வங்கியில் தொடர் வைப்புக் கட்டியவர்களுக்கு இதைத் தனியே விளக்க வேண்டியதில்லை. தொகை சிறிதுதான், தவணை தவறாததால் அது பெருகுகிறது.

இதில் பெற்றோருக்கு என்ன வேலை? "நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், பத்தாம் வகுப்புப் பாடத்தில் எனக்கு என்ன தெரியும்?" என்று கேட்கும் தாய்மார்கள் பலர். பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. புத்தகத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, "இன்று என்ன நடத்தினார்கள்? எனக்குப் புரியும்படி சொல்" என்று கேட்டால் போதும். இடையிடையே "அது ஏன் அப்படி?" என்ற ஒரு கேள்வி. சொல்லிக்கொண்டே வரும் மகள் ஓரிடத்தில் தயங்கி நின்றால், தனக்கு எது புரியவில்லை என்பது அவளுக்கே தெரிந்துவிடும். அதை மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லலாம். இதற்கு இருபது நிமிடங்கள் ஆகும். மாலைத் தொலைக்காட்சித் தொடர்களில் ஒன்றை விட்டுக்கொடுத்தால் அந்த இருபது நிமிடங்கள் கிடைத்துவிடும்.

மகள் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே வீட்டில் அண்ணன் படிக்கும்போது எவரும் அவனை எழுப்புவதில்லை. தங்கை படிக்கும்போது மட்டும் பாத்திரம் துலக்கவும், விருந்தினருக்குக் காபி கொண்டுவரவும் அழைப்பு வந்துகொண்டே இருக்கும். நவராத்திரியில் கலைமகளின் திருவுருவின் முன் புத்தகங்களை அடுக்கும் இல்லங்களிலும் இது நடக்கிறது.

வாரந்தோறும் கோயிலுக்குச் செல்லும் குடும்பங்களுக்குப் பாடப்புத்தகம் கோபுர வாசலிலேயே திறந்திருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கில் முக்கோணவியல் உண்டு. பாகைமானியின் நடுப்புள்ளியில் நூல் கட்டி, நுனியில் சிறு கல்லைத் தொங்கவிட்டால் ஏற்றக்கோணம் அளக்கும் கருவி தயார். கோபுர உச்சியை நோக்கும் கோணம் 45 பாகை ஆகும் இடத்தில் மகனை நிற்கச் சொல்லுங்கள். தரை சமமாக இருந்தால், அங்கிருந்து கோபுர வாசலின் நடுப்பகுதி வரையுள்ள தொலைவோடு அவனது கண் உயரத்தைக் கூட்டினால் கோபுரத்தின் உயரம் கிடைத்துவிடும். 1987-இல் நிறைவுபெற்ற திருவரங்க ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி என்பர். உள்ளூர்க் கோபுரத்தைத் தானே அளந்த பிள்ளைக்கு அந்த எண்ணின் பிரமிப்பு வேறாக இருக்கும். சோழர் காலக் குடவோலை முறையைப் படிக்கும் பிள்ளையை, அதைக் கல்லில் பொறித்து வைத்திருக்கும் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலுக்கு ஒருமுறை அழைத்துச் செல்லலாம்.

பெற்றோருக்கு உண்மையான சோதனை, காலாண்டுத் தேர்வின் விடைத்தாள் வீட்டுக்கு வரும் நாளில்தான். தந்தை மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை விசாரித்தால், அடுத்த விடைத்தாள் அவர் கண்ணில் படாது. கையொப்பத்தைப் பிள்ளையே போட்டுவிடும். அதன்பின் அந்த வீட்டில் எவராலும் அதற்கு உதவ முடியாது. மாறாக, இருவரும் சேர்ந்து அமர்ந்து, இழந்த மதிப்பெண்களை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். பாடமே புரியாமல் போனவை, தெரிந்தும் மறந்தவை, கவனக்குறைவாலோ நேரமின்மையாலோ போனவை என மூன்று பத்திகள். கணக்கில் 100-க்கு 52 என்று வந்த தாளை இப்படிப் பகுத்தால், மூன்றாம் பத்தியில் சேர்பவை எத்தனை என்று பார்க்கும்போது தந்தையின் கோபம் பாதி தணிந்துவிடும். கணக்குத் தேர்வில் வடிவியல் வரைதலுக்கும் வரைபடத்துக்கும் எட்டு எட்டாகப் பதினாறு மதிப்பெண்கள் உள்ளன. தொடர்ந்து வரைந்து பழகினால் கைக்கு வருபவை அவை. விடை எழுத மூன்று மணி நேரம். வீட்டில் ஒருநாளும் மூன்று மணி நேரம் எழுந்திராமல் எழுதிப் பழகாத பிள்ளைக்குக் கடைசி அரை மணியில் கை வலிப்பதில் வியப்பில்லை.

உறக்கத்தைக் களவாடிப் படிப்பது வேண்டா. 13 முதல் 18 வயது வரை உள்ளோர்க்கு எட்டு முதல் பத்து மணி நேர உறக்கம் தேவை என்பது மருத்துவர்களின் அறிவுரை. பள்ளி முடிந்து நேரே தனிப்பயிற்சிக்குச் சென்று ஒன்பது மணிக்குத் திரும்பும் பிள்ளைக்கு அதிகாலை நான்கு மணிக்கு அலாரம் வைப்பது அன்பாகாது. இரவில் கைப்பேசி பிள்ளையின் தலையணைக்கு அடியில் இல்லாமல் கூடத்தில் இருக்கட்டும். பெற்றோரின் கைப்பேசியும் அங்கேயே இருந்தால் விதி நிலைக்கும். தேர்வு நாளன்று தாய் விரதம் இருக்கலாம். பிள்ளை வயிறார உண்டுவிட்டே செல்லட்டும்.

நேர்த்திக்கடனைப் பற்றியும் ஒரு சொல். "உனக்காக அங்கப்பிரதட்சிணம் வேண்டியிருக்கிறேன், 450-க்குக் குறைந்தால் அம்மாவை மறந்துவிடு" என்று சொல்லும் தாய் அன்பினால்தான் அப்படிச் சொல்கிறார். ஆனால் கேட்கும் பதினைந்து வயதுப் பிள்ளையின் தோளில் அது கடனாகவே ஏறுகிறது. வேண்டுதல் வேண்டுபவருக்கும் இறைவனுக்கும் இடையில் உள்ளது. அது பிள்ளையின் காதுக்குச் செல்ல வேண்டியதில்லை.

முடிவு வெளியாகும் நாளில் ஏதேனும் ஒரு பாடத்தில் 35-ஐத் தொடாமல் போவதும் உண்டு. அன்று உறவினர்களின் தொலைபேசி அழைப்புகளுக்குத் தந்தையே பதில் சொல்லட்டும். பிள்ளையைத் தனியே விட வேண்டா. தேர்ச்சி பெறாதவர்களுக்கென அரசுத் தேர்வுகள் இயக்ககம் அடுத்த சில வாரங்களிலேயே துணைத்தேர்வு நடத்துகிறது. விண்ணப்பிக்கும் கடைசி நாளைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் அன்றே கேட்டறிந்துகொள்வது நல்லது. தவறிய பாடத்தை மட்டும் எழுதித் தேறினால், அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம்.