சேதுக்கரையில் மூன்று சரணாகதிகள்: விபீஷணாழ்வானை அறியும் முறை

ஸ்ரீராமாயணத்தைச் சரணாகதி சாஸ்த்ரம் என்று நம் பூர்வாசார்யர்கள் வழங்குவர். தேவர்கள் எம்பெருமானைச் சரணம் புகுந்தது, வனவாசத்தின் தொடக்கத்தில் இளையபெருமாள் சரணம் புகுந்தது, ஸ்ரீபரதாழ்வான் சித்ரகூடத்தில் வேண்டி நின்றது, தண்டகாரண்ய ருஷிகள் அடைக்கலம் கேட்டது, காகம் திருவடியில் விழுந்தது என்று ஆதிகாவ்யம் முழுவதும் இப்பொருள் தொடர்ந்து வருகிறது. இவை அனைத்தும் சென்று சேரும் இடம் யுத்தகாண்டத்தில் கடற்கரையில் நிகழும் விபீஷண சரணாகதி. ஸ்வாமி தேசிகன் இந்த ஒரு கட்டத்துக்காகவே அபயப்ரதான ஸாரம் என்னும் தனி ரஹஸ்யக்ரந்தம் அருளிச்செய்தார். பெரியவாச்சான் பிள்ளையின் தனிச்லோக வ்யாக்யானத்திலும் இக்கட்டம் விரிந்த இடம் பெற்றிருக்கிறது.

ஆயினும் விபீஷணன் என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில் இக்காலத்தில் இரண்டு விதமான பேச்சு எழுகின்றது. உடன்பிறந்தவனை ஆபத்தில் விட்டுப் பகைவனோடு சேர்ந்தவன் என்பது ஒன்று. வீட்டு ரகசியம் அறிந்தவனால் இலங்கை அழிந்தது என்னும் கருத்தில் வடநாட்டில் ஒரு பழமொழியே வழங்குகிறது. தமிழ்நாட்டில், கம்பநாடர் பாடிய கும்பகர்ணனின் செஞ்சோற்றுக் கடனை எடுத்துக்காட்டி, தம்பியை அவனுக்குக் கீழே வைப்பாரும் உண்டு. இதற்கு மறுமொழியாக, விபீஷணனிடம் எள்ளளவும் குற்றமில்லை, அவன் தர்மாத்மா ஆகையாலே பெருமாள் ஏற்றுக்கொண்டார் என்பது மற்றொரு பேச்சு. முதற்பேச்சு நிந்தை, இரண்டாவது ஸ்துதி. எனினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. விபீஷணனின் யோக்யதையைக் கொண்டே இக்கட்டத்தின் பொருளை அளக்க வேண்டும் என்று இரண்டும் கொள்கின்றன. வ்யாக்யானங்கள் போகும் வழி இதுவன்று.

சொல்லுபவர் யார், எதற்காகச் சொல்லுகிறார்

காவ்யத்தில் வரும் ஒருவரைப் பற்றி அறிய வேண்டுமானால், அவரைப் பற்றிய வார்த்தை யாருடையது, யாரை நோக்கியது, எந்த நோக்கத்துடன் சொல்லப்பட்டது என்ற மூன்றையும் முதலில் ஆராய வேண்டும். இந்த முறையை விபீஷண சரணாகதிக் கட்டமே கற்பிக்கின்றது.

நான்கு துணைவருடன் வடகரைக்கு வந்த விபீஷணாழ்வான் தரையில் இறங்கவில்லை, ஆகாசத்திலேயே நின்றான். தன்னை அறிவித்துக்கொண்டபோது தன் நன்மை எதையும் முன்வைக்கவில்லை. தீய ஒழுக்கமுடைய இராவணனுக்குத் தான் தம்பி என்பதையே முதலில் சொன்னான். இலங்கையில் தூதரைக் கொல்லலாகாது என்று தடுத்துத் திருவடியைக் காத்தவன் அவன். பிராட்டியைத் திருப்பித் தரும்படி பலமுறை இடித்துரைத்தவன். அவன் அவ்வாறு சொல்லியும் இராவணன் கேளாததை அவனுடைய மூத்த மகள் வந்து பிராட்டியிடம் தெரிவித்ததாக ஸுந்தரகாண்டத்திலேயே காண்கிறோம். எத்தகைய ஆபத்திலும் தன் புத்தி தர்மத்தில் நிற்க வேண்டும் என்று ப்ரஹ்மாவிடம் வரம் கேட்டவன் என்கிறது உத்தரகாண்டம். இவற்றில் ஒன்றையாவது சரணம் புகும்போது சொல்லியிருக்கலாம். ஒன்றையும் சொல்லவில்லை. குற்றமுள்ள குலத்தைச் சொன்னான், அவமதிக்கப்பட்டதைச் சொன்னான், பிள்ளைகளையும் மனைவியையும் விட்டு வந்ததைச் சொன்னான், தன்னை இராகவனிடம் அறிவிக்கும்படி அங்கு நின்ற வானரரைக் கேட்டுக்கொண்டான். தன் கையில் ஒன்றுமில்லை என்னும் ஆகிஞ்சந்யமும், அடியார் முன்னிலையாகப் பற்றும் புருஷகாரமும் இவ்வார்த்தைகளிலேயே அமைந்துவிட்டன.

அடுத்து ஆலோசனை. மஹாராஜர், இவன் இராவணன் அனுப்பிய ஒற்றன், கொல்லத்தக்கவன் என்றார். அங்கதன், குணதோஷங்களை ஆராய்ந்து கொள்ளவோ தள்ளவோ வேண்டும் என்றான். சரபன், ஒற்றனை விட்டு அறியச் சொன்னான். ஜாம்பவான், வந்த இடமும் காலமும் பொருந்தாமையால் ஐயுற வேண்டும் என்றார். மைந்தன், இனிய சொற்களால் மெல்ல விசாரிக்கலாம் என்றான். கடைசியில் திருவடி எழுந்து இவற்றை முறையே மறுத்தார். ஒரு காரியத்தில் நியமித்துப் பார்த்தாலொழிய ஒருவனை அறிய முடியாது. வந்தவுடனே நியமிப்பதும் தகாது. எதிரே நிற்பவனுக்கு ஒற்றன் எதற்கு? இடமும் காலமும் பொருந்தியே உள்ளன. வாலியை வீழ்த்தி மஹாராஜருக்குப் பெருமாள் முடிசூட்டியதைக் கேட்டு, தானும் ராஜ்யத்தை விரும்பி வந்திருக்கிறான். பேச்சிலும் முகத்திலும் கபடம் தென்படவில்லை. இது திருவடியின் வாதம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. விபீஷணன் ராஜ்யத்தை விரும்பினான் என்று சொன்னவர் திருவடி, விபீஷணன் அல்லன். நீதி அறிந்த மந்திரிகளின் ஸதஸ்ஸில், அவர்கள் ஏற்கும் காரணத்தை எடுத்துச் சொன்னதே அவ்வார்த்தை. விபீஷணாழ்வானோ ஏற்றுக்கொள்ளப்பட்ட பின்பு, தன் ராஜ்யமும் ஜீவிதமும் ஸுகமும் பெருமாளையே சார்ந்தன என்று விண்ணப்பித்தான். பிள்ளை லோகாசார்யர் ஸ்ரீவசனபூஷணத்தில் சரணம் புகுந்தவர்கள் பெற்ற பலன்களை வகுக்குமிடத்தில், விபீஷணாழ்வானுக்குப் பலனாகக் காட்டியது ராம ப்ராப்தியையே. இலங்கையரசு பலன்களின் வரிசையில் இல்லை. வக்தாவை அறியாமல் வாக்யத்தை எடுத்தால், திருவடியின் வாதம் விபீஷணனின் உள்ளமாகிவிடும். பழிப்பவர்கள் தவறும் இடம் இதுவே.

மஹாராஜருடைய பரிவு

மஹாராஜரை இக்கட்டத்தில் கருணையற்றவர் என்று கொள்வதும் பிழையே. இவன் தமையனை ஆபத்தில் விட்டு வந்தவன், வேறு யாரைத்தான் விடமாட்டான் என்று அவர் மறுபடியும் தடுக்கிறார். தமையனோடு பகைத்துப் பெருமாளை அடைந்தவர் தாமும்தான் என்பது அப்போது அவர் நினைவில் இல்லை. பெருமாள் இளையபெருமாளை நோக்கிச் சிறிதே முறுவலித்து, எல்லாத் தம்பிகளும் பரதனாக மாட்டார்கள், எல்லா நண்பர்களும் உம்மைப் போலாக மாட்டார்கள் என்று விடையிறுத்தார். முறுவலுக்குப் பொருள் உண்டு. ஆனால் அது புண்படுத்துவதாகாதபடி, கேட்டவரையே புகழும் வார்த்தை உடன் வந்தது. பெருமாளின் சீலத்தைக் காட்ட ஆதிகவிக்கு இவ்வளவே போதுமானதாயிற்று.

மஹாராஜருடைய அச்சம் தம் உயிரைப் பற்றியதன்று. பெருமாளுக்கும் இளையபெருமாளுக்கும் தீங்கு வந்துவிடுமோ என்ற அதிசங்கை அது. ஸர்வசக்தனிடத்திலும் இவ்வாறு அஞ்சுவது அறியாமையன்று, ப்ரேமத்தின் பரிபாகம் என்பது ஸம்ப்ரதாயம். பெரியாழ்வாரைப் பல்லாண்டு பாடவைத்ததும் இவ்வகைப் பரிவே. ஆகையால் ஒரே பொருளைப் பற்றி எதிரெதிராகப் பேசிய மஹாராஜரும் திருவடியும் இருவரும் அடியார்களே. ஒருவர் ஸ்வாமியின் திருமேனியை நோக்கினார். மற்றொருவர் ஸ்வாமியின் காரியத்தை நோக்கினார்.

பெருமாளோ அந்த வாதங்களில் எதையும் ஆதாரமாகக் கொள்ளவில்லை. விபீஷணன் நல்லவன் என்று திருவடி சொன்னதைக்கூட முடிவுக்குக் காரணமாகக் காட்டவில்லை. நட்பென்னும் பாவனை மாத்திரத்தோடு வந்தவனையும் விடுவதற்கில்லை, அவனிடம் குற்றம் இருந்தாலும் இருக்கட்டும் என்றார். தன் பேடையைப் பிடித்த வேடனுக்குத் தன் உடலையே உணவாக்கிய புறாவைச் சொன்னார். கண்டு மஹர்ஷியின் வார்த்தையைச் சொன்னார். ஒரு முறை சரணம் என்றவனுக்கு அபயமளிப்பது தம் வ்ரதம் என்றார். வந்தவன் விபீஷணனேயாயினும் இராவணனேயாயினும் அழைத்து வாரும் என்று, தடுத்து நின்ற மஹாராஜரையே நியமித்தார்.

இராவணனே வந்தாலும் என்ற இந்த வார்த்தை வந்தபின், விபீஷணனின் யோக்யதையைக் கொண்டு இக்கட்டத்தை விளக்க இடமேது? அவன் தர்மாத்மா என்பது உண்மையே. ஆனால் அவன் ஏற்கப்பட்டதற்கு அது காரணமன்று. காரணம் அதுவாயின், குணமில்லாத நமக்கு இக்கதையில் பங்கில்லை என்றாகும். ஸ்துதி செய்வோர் தவறும் இடம் இது. பழிப்பவர்கள் விபீஷணனை இழக்கிறார்கள். இவ்வாறு புகழ்பவர்கள் தங்களையே இழக்கிறார்கள்.

கரை காட்டும் வரிசை

இந்நிகழ்ச்சிகளின் தொடர்ச்சியை இராமநாதபுரச் சீமையின் கரை தன் தலங்களில் வைத்துக் காக்கின்றது. சேது யாத்ரை செய்வோர் வடக்கிலிருந்து வரும்போது உப்பூரில் வெயிலுகந்த விநாயகரைக் காண்பர். சேதுவுக்குச் செல்லும் வழியில் பெருமாள் இங்கே வழிபட்டார் என்பது தலவரலாறு. அங்கிருந்து தெற்கே தேவிபட்டினம். கடலுக்குள் நவபாஷாணமும் ஊருக்குள் கடலடைத்த பெருமாள் ஸந்நிதியும் உள்ளன. நவக்ரஹ ப்ரதிஷ்டையின் பொருட்டு எம்பெருமான் அலையை அடக்கினான் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. பின்பு திருப்புல்லாணி, சேதுக்கரை, இராமேசுவரம். வால்மீகி பகவான் இவ்வூர்ப் பெயர்களைச் சொல்லவில்லை. சொல்லப்பட்ட கதையை நடந்து படிக்கும்படி தலபுராணங்கள் வகுத்த வழி இது.

உப்பூரும் தேவிபட்டினமும் இருக்கும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும், சேதுக்கரை இருக்கும் மன்னார்ப் பக்கத்தை ஆண்கடல் என்றும் இக்கரை மீனவர் வழங்குவர். முன்னது அலை அடங்கியது, பின்னது அலை மிக்கது. அடங்கிய கடலையும் அடங்காத கடலையும் ஒரே யாத்ரையில் காண்பவனுக்கு, அடுத்து வரும் ஸமுத்ர சரணாகதி எளிதில் விளங்கும்.

பெருமாள் புகுந்த சரணம்

கடலைக் கடப்பது எங்ஙனே என்று கேட்கப்பட்டபோது, ஸமுத்ரராஜனைச் சரணம் புகலாம் என்று சொன்னவன் விபீஷணாழ்வானே. சற்று முன்பு தான் செய்து பலித்த உபாயத்தையே அவன் சொன்னான். பெருமாள் தர்ப்பையைப் பரப்பி மூன்று இரவு கிடந்தார். திருப்புல்லாணியில் தர்ப்பசயன ராமனாக ஸேவை ஸாதிப்பது இந்தத் திருக்கோலமே. கடலரசன் வரவில்லை.

கரை ஒன்று, செயல் ஒன்று, செய்தவர்களில் பெருமாளோ குறைவற்றவர். அப்படியிருக்க ஒன்று உடனே பலித்தது, மற்றொன்று பலிக்கவில்லை. ஆதிகவி இவ்விரண்டையும் அடுத்தடுத்து அமைத்ததன் கருத்து என்ன? ப்ரபத்திக்கு தேசம், காலம், ப்ரகாரம், அதிகாரி, பலம் என்னும் ஐந்திலும் நியமமில்லை, விஷயநியமம் ஒன்றே உண்டு என்று பிள்ளை லோகாசார்யர் நிர்ணயித்தார். காகத்தையும் காளியனையும் கஜேந்த்ராழ்வானையும் விபீஷணாழ்வானையும் பெருமாளையும் ஒரே வரிசையில் வைத்து, யாரும் சரணம் புகலாம் என்று காட்டினார். புகுபவர் யாராகவும் இருக்கலாம். புகப்படும் பொருள் காக்க வல்லதாகவும் கருணையுள்ளதாகவும் இருக்க வேண்டும். ஸமுத்ரம் அத்தகையதன்று. குறையுள்ள ராக்ஷஸன் நிறைவுள்ள விஷயத்தைப் பற்றினான், பலித்தது. நிறைவுள்ள பெருமாள் குறையுள்ள விஷயத்தைப் பற்றினார், பலிக்கவில்லை. ஆதிகாவ்யத்தின் கதையமைப்பே இங்கு ஸித்தாந்தத்தைச் சொல்லிவிடுகிறது.

இத்துடன் முடியவில்லை. பெருமாள் சீறி வில்லை வளைத்தவுடன் ஸமுத்ரராஜன் அஞ்சி அஞ்சலியோடு எழுந்தான். இது இக்கரையின் மூன்றாவது சரணாகதி. மூன்று இரவு காக்கவைத்த அபராதி அவன். தொடுத்த அம்போ வீணாகாதது. ஆயினும் அவனைத் தண்டிக்காமல், அவன் வேண்டியபடி அதை வடக்கே த்ருமகுல்யம் என்னும் இடத்தில் விட்டார் பெருமாள். விபீஷணன் விஷயத்தில் வார்த்தையாக நின்ற வ்ரதம், ஸமுத்ரராஜன் விஷயத்தில் செயலாயிற்று. குற்றம் இருந்தாலும் இருக்கட்டும் என்றது உபசார வார்த்தையன்று என்பதற்கு அவனே ஸாக்ஷி. அதன் பின்பே நளன் தலைமையில் 14, 20, 21, 22, 23 என்று ஐந்து நாள்களில் 100 யோஜனை ஸேது எழுந்தது.

திருப்புல்லாணியைத் திருமங்கையாழ்வார் பெரிய திருமொழி ஒன்பதாம் பத்தில் இரண்டு திருமொழிகளால், 20 பாசுரங்களில் மங்களாசாஸனம் செய்தருளினார். இரண்டும் தலைமகள் வார்த்தை. பெருமாள் கடலுக்காகக் காத்துக் கிடந்த கரையில், ஆழ்வார் பெண்மை எய்திப் பெருமாளுக்காகக் காத்திருக்கிறார். காத்திருப்பவள் தன் தகுதியை எண்ணவில்லை. வருகிறேன் என்றவனுடைய வார்த்தையையே பற்றி நிற்கிறாள். விபீஷணாழ்வான் ஆகாசத்தில் நின்ற நிலையும் இதுவே.

இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே, 1964ஆம் ஆண்டுப் புயலுக்குத் தப்பி நிற்கும் கோதண்டராமர் ஸந்நிதியில் விபீஷண பட்டாபிஷேகம் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. இலங்கை வெல்லப்படுவதற்கு முன்பே, இளையபெருமாள் கொணர்ந்த கடல்நீரால் செய்யப்பட்ட அபிஷேகம் அது. அதைக் காட்டிக்கொடுத்ததற்குக் கூலி என்று படிப்பதும், நற்குணத்துக்குப் பரிசு என்று படிப்பதும் பொருந்தா. கேளாதவனுக்கும் கொடுக்கும் ஸ்வாமியின் ஔதார்யம் என்று படிப்பதே பூர்வாசார்யர்கள் திருவுள்ளத்துக்கு ஒத்தது. விபீஷணன் எத்தகையவன் என்று தொடங்கும் கேள்வி, சரண்யன் எத்தகையவன் என்று முடியுமானால் இக்கட்டத்தை முறையாகக் கற்றதாகும்.