மடுவத்திற் காணும் கட்டியும் மரக்கறித் தோட்டமும்

எருதோ ஆடோ இறைச்சிக்காக விற்கப்பட்டபின் தமக்கும் அதற்கும் தொடர்பில்லை எனக் கமக்காரர் பலர் எண்ணுவர். ஆயினும், மடுவத்தில் ஈரலையும் சுவாசப்பையையும் வெட்டிப் பார்க்கும் பரிசோதகர் காண்பது, அம்மிருகம் மேய்ந்த நிலத்தின் நிலையையே ஆகும்.

நீர்க்கட்டி

இவ்வுறுப்புக்களிற் சில வேளைகளில் தெளிந்த நீர் நிறைந்த வெண்ணிறக் கட்டிகள் காணப்படும். இலங்கையில் மாடுகளிலும் ஆடுகளிலும் இவை கண்டறியப்பட்டுள்ளன. நாயின் குடலில் வாழும் ஒரு சிறிய நாடாப்புழுவின் இளம் பருவமே இக்கட்டியாகும். முதிர்ந்த புழு பெரும்பாலும் ஒரு நெல்மணியின் நீளத்திற்கு மேற்படாது.

கட்டியுள்ள உறுப்பை நாய் தின்றால், ஏறக்குறைய 6 அல்லது 7 வாரங்களில் அதன் குடலிற் புழுக்கள் முதிர்ந்து முட்டையிடும். மலத்துடன் வெளியேறும் முட்டைகள் கண்ணுக்குத் தெரியா. ஈரமும் நிழலுமுள்ள மண்ணில் அவை பல மாதங்கள் உயிருடன் இருக்கும். புல்லுடன் அவற்றை உட்கொள்ளும் மாட்டிலும் ஆட்டிலும் மீண்டும் கட்டி உண்டாகும்.

மனிதருக்கு வரும் கேடு

கட்டியுள்ள இறைச்சியை உண்பதால் மனிதருக்கு இந்நோய் வருவதில்லை; நாயின் வழியாகவே வரும். நாய் மலங்கழித்த பாத்தியில் வளரும் வல்லாரை போன்ற இலைக்கறிகளைப் பச்சையாக உண்போர் முட்டைகளையும் சேர்த்து விழுங்கக்கூடும். அவர்களின் ஈரலிலோ சுவாசப்பையிலோ கட்டி மெல்ல வளரும். பல ஆண்டுகள் வெளித்தெரியாதிருந்து, பின்னர் சத்திர சிகிச்சை வேண்டிய நிலையையும் அது உண்டாக்கலாம். மாத்தளை மாவட்டத்து மரக்கறிகள் தம்புள்ளைச் சந்தை வழியாகப் பல ஊர்களுக்குச் செல்வதால், தோட்டத்தின் தூய்மை தோட்டக்காரரின் குடும்பத்தை மட்டும் பொறுத்ததன்று.

வயற் கரையில் வரும் புழு

மாட்டின் இரைப்பையில் மாதுளை வித்தைப் போன்ற செந்நிறப் புழுக்கள் ஒட்டியிருப்பதும் உண்டு. இவற்றின் முட்டைகள் சாணத்துடன் நீரிற் சேர்ந்து பொரிக்கும். வெளிவரும் குஞ்சுகள் வயல்நத்தைகளினுள் வளர்ந்து, பின்னர் நீரோரப் புல்லில் ஒட்டிக்கொள்ளும். அப்புல்லை மேயும் கன்றுகள் நாற்றமுள்ள கழிச்சலால் மெலியும், சில இறக்கவுங்கூடும்.

செய்ய வேண்டியவை

1. கட்டியுள்ள ஈரலையும் சுவாசப்பையையும் நாய்க்கு எறியலாகாது. கட்டியை மட்டும் அறுத்தெறிவதும் தவறே. அவற்றை எரித்தல் வேண்டும். அன்றேல் நாய் தோண்ட முடியாத ஆழத்திற் புதைத்தல் வேண்டும்.

2. வீட்டு முற்றத்தில் வெட்டப்படும் ஆட்டைப் பரிசோதிப்பார் இல்லை. ஆதலின் அனுமதி பெற்ற மடுவத்தையே நாடுக.

3. மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி நாய்க்குப் புழுமருந்து கொடுக்குக. மருந்து முட்டைகளைக் கொல்லாது. ஆகவே மருந்து கொடுத்தபின் கழியும் மலத்தை எரித்துவிடுக.

4. மரக்கறிப் பாத்திகளுக்கு வேலியிட்டு நாய்களைத் தடுக்குக. இலைக்கறிகளை ஓடும் நீரில் நன்கு கழுவுக. சமைத்து உண்பதே பாதுகாப்பானது.

5. நீர் தேங்கிய வரம்போரத்திற் கன்றுகளை மேயவிடாது, உலர்ந்த மேட்டுநிலப் புல்லைக் கொடுக்குக. சாணத்தைக் குவித்து உக்கச்செய்த பின்னரே வயலுக்கு இடுக.

விற்ற மிருகத்திற் கட்டி காணப்பட்டதாகச் செய்தி வந்தால், கமக்காரர் அதை இழுக்காக எண்ணி மறைத்தலாகாது. பட்டியில் எஞ்சியுள்ள மிருகங்களையும், முற்றத்து நாயையும், தம் குழந்தைகளையும் காக்க அச்செய்தியே முதல் உதவியாகும்.