அன்பு ஏன் கட்டளையாயிற்று?

ஜூன் மாதத் தொடக்கத்தில் கன்னிப்பூ சாகுபடிக்காகப் பேச்சிப்பாறை அணையின் மதகுகள் திறக்கப்படும்போது நாஞ்சில் நாட்டு உழவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: தண்ணீர் கடைவரம்பு வரை வந்து சேருமா? கால்வாயின் கடைசி மடைக்குக் கீழே கிடக்கும் நிலத்தைத்தான் கடைவரம்பு என்கிறோம். அங்கே வயல் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவன் நான். தலைமடைக்காரர் நல்லவரா, எங்கள்மேல் பிரியம் உள்ளவரா என்றெல்லாம் என் தகப்பனார் ஒருநாளும் விசாரித்ததில்லை. எங்கள் முறை வரும் நாளில் அவர் தம் மடையை அடைத்தாரா என்பதை மட்டும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவார். அடைத்திருந்தால் எங்கள் வயல் விளைந்தது. மறந்திருந்தால், அவருடைய புன்னகையால் எங்களுக்கு ஒரு பயனும் இல்லை.

கடவுளின் அன்புப் பிரமாணத்தின்படி ஒரு கிறிஸ்தவன் உண்மையாய் வாழ்வது என்றால் என்ன என்ற கேள்வி எழும்போதெல்லாம் எனக்கு அந்த மடைதான் நினைவுக்கு வருகிறது. கிறிஸ்தவரல்லாத நண்பர்கள் பலர் என்னிடம் நியாயமான ஓர் ஐயத்தை எழுப்பியிருக்கிறார்கள். அன்பு தானாகச் சுரக்க வேண்டியது. அதைச் சட்டமாக்கி ஆணையிட முடியுமா? ஆணைக்குப் பணிந்து காட்டும் அன்பு நடிப்பாகிவிடாதா? அன்பு என்பது ஓர் உணர்ச்சி மட்டுமே என்றால் இந்த ஐயத்துக்கு விடையில்லை. விவிலியம் அப்படிக் கருதவில்லை.

தன்னைப்போல் பிறரையும் நேசிக்க வேண்டும் என்ற கட்டளை இயேசுவின் வாயிலிருந்து முதன்முதலாகப் பிறந்தது என்றே கிறிஸ்தவர்களில் பலரும் எண்ணுகிறார்கள். அது பழைய ஏற்பாட்டின் லேவியராகமத்தில், 19ஆம் அதிகாரத்தில் உள்ளது. இயேசு அதை எடுத்து, கடவுளை முழு உள்ளத்தோடும் நேசிக்கச் சொல்லும் உபாகமத்தின் கட்டளையோடு பிணைத்து, திருச்சட்டம் முழுவதும் இவ்விரண்டிலும் அடங்கும் என்றார். அந்த லேவியராகம அதிகாரத்தை ஒருமுறை முழுமையாகப் படித்துப் பார்ப்பது நல்லது. அன்பைப் பற்றிய அந்த வரிக்கு முன்னால் இருப்பவை யாவும் மிகச் சாதாரணமான விஷயங்கள். அறுவடையின்போது வயலின் ஓரத்தை ஒட்ட அறுக்காதே, ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவை. கூலியாளின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்துக்கொள்ளாதே. காது கேளாதவனைத் திட்டாதே, பார்வையற்றவன் வழியில் தடைபோடாதே. ஏழை என்று ஒருபக்கமும் பெரியவன் என்று மறுபக்கமும் சாய்ந்து தீர்ப்புச் சொல்லாதே. இவ்வளவும் சொன்ன பிறகுதான் அன்பு என்ற சொல்லே வருகிறது. அதே அதிகாரத்தின் பிற்பகுதி, உங்களிடையே தங்கும் அந்நியனையும் இப்படியே நேசியுங்கள் என்று எல்லையை விரித்துவிடுகிறது.

ஆகவே கட்டளையிடப்படுவது உள்ளத்தின் கனிவு அன்று, கையின் செயல். பேச்சிப்பாறையைச் சுற்றியுள்ள ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் பால்வெட்டப் போகும் தொழிலாளியிடம் முதலாளிக்கு அன்பு சுரக்கிறதா என்பது வேதத்தின் முதல் கேள்வி அன்று. அவருடைய கூலி உரிய வேளையில் அவர் கைக்குப் போனதா என்பதே அது. உணர்ச்சி பின்னால் வரலாம், வராமலும் போகலாம். பல நேரங்களில் செயலுக்குப் பின்னால்தான் வருகிறது என்பது என் அனுபவம்.

யாக்கோபு தம் திருமுகத்தில் இந்த அன்புக் கட்டளையை ‘ராஜரீகப் பிரமாணம்’ என்று அழைக்கிறார். அந்தப் பெருமைமிகு பெயர் வரும் இடம் கவனிக்கத்தக்கது. அவர் பேசுவது இருக்கைகளைப் பற்றி. சபை கூடும் இடத்துக்குப் பொன்மோதிரம் அணிந்தவர் ஒருவரும் கந்தையணிந்தவர் ஒருவரும் வருகிறார்கள். முதலாமவருக்கு நல்ல இருக்கை, இரண்டாமவருக்குக் கால்மாட்டில் இடம். இப்படிப் பட்சபாதம் காட்டினால் ராஜரீகப் பிரமாணத்தை மீறியவர்கள் ஆகிறீர்கள் என்கிறார் யாக்கோபு. யார் எங்கே உட்காருவது என்ற சின்ன விஷயத்தில்தான் பெரிய கட்டளை சோதிக்கப்படுகிறது.

தமிழ்க் கிறிஸ்தவத்தின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது சுருக்கென்று தைக்கும். நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் பணியாற்றியவர். குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படையில் தளபதியான டச்சுக் கம்பெனி வீரர் டிலனாயின் நட்பால் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்கள் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே விவாதம் உண்டு. ஆனால், சாதி வேறுபாடு பாராமல் எல்லோரும் சமம் என்று அவர் வலியுறுத்தியதே உயர்குடியினரின் வெறுப்பைத் தூண்டியது என்பது திருச்சபையின் கணிப்பு. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரின் பின்னால் ‘பிள்ளை’ இல்லை.

அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னர் நடந்தது என்ன? 19ஆம் நூற்றாண்டில் எழுந்த ஆலயம் இரு கிளைகளாகக் கட்டப்பட்டு, வேளாளரும் நாடாரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பீடத்தை வணங்கும்படி நடுவில் சுவர் நின்றது. கௌசானல் அடிகளார் 1910இல் அந்தச் சுவரை இடித்தார். இடித்தது தவறு என்று வழக்குத் தொடுத்தவர்கள் உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள். ஒரே அப்பத்தைப் பிட்டு உண்பவர்கள், பிட்ட பிறகு சுவரைத் திருப்பித் தரச் சொல்லி நீதிமன்றப் படியேறியிருக்கிறார்கள்! ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ என்ற நூலில் இந்தக் கதையை விரிவாக ஆய்ந்திருக்கிறார். கிறிஸ்தவர்கள் அந்நூலைச் சங்கடத்தோடேனும் படிக்க வேண்டும்.

செங்கல் சுவரை இடிப்பது எளிது. இன்றும் திருமண விளம்பரங்களில் ‘கிறிஸ்தவர்’ என்ற சொல்லை அடுத்துச் சாதிப்பெயர் தவறாமல் வருகிறது. தமிழகத்தின் சில ஊர்களில் கல்லறைத் தோட்டங்கள் இன்னும் பிரிந்தே கிடக்கின்றன. வேறு சமயத்தவர் நம்மைத் துன்புறுத்துவதைப் பற்றிப் பேசும்போது நம் குரலில் இருக்கும் உறுதி, இவற்றைப் பேசும்போது இருப்பதில்லை. என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்த மாவட்டத்தில் அன்பைச் செயலாய்ச் செய்து காட்டியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் டாக்டர் சாமர்வெல். முதல் உலகப் போரில் அறுவை மருத்துவராகப் பணிபுரிந்தவர். 1922இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற பிரித்தானியக் குழுவில் இருந்தவர். அந்த ஜூன் மாதம் பனிச்சரிவு ஒன்றில் சுமைதூக்கிகள் ஏழு பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஆங்கிலேயர் ஒருவர்கூட இல்லை என்பது அவரை ஆழமாக உறுத்தியது. அதன்பின் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர் நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கும் வந்தார். 1838இல் தொடங்கிய மருத்துவப் பணி அது. அங்கே ஒரே ஓர் அறுவை மருத்துவர் நோயாளர் கூட்டத்தின் நடுவே திணறிக்கொண்டிருந்ததைக் கண்டார். லண்டனில் காத்திருந்த நல்ல பதவியை விட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். 1924இல் மீண்டும் எவரெஸ்டுக்குச் சென்று, பிராணவாயுக் கலம் இன்றி ஏறத்தாழ 28,000 அடி உயரம் வரை ஏறி, மூச்சடைத்துச் சாவின் விளிம்பைத் தொட்டுத் திரும்பினார். திரும்பிய இடம் நெய்யூர். அங்கே இருபது ஆண்டுகளுக்கும் மேல் பணியாற்றியபின் வேலூரில் கற்பித்தார்.

அவர் எவரெஸ்டில் ஏறியதைவிட நெய்யூரில் தங்கியதுதான் எனக்கு வியப்பு. மலையேற்றத்துக்கு ஆர்வம் போதும். நாள்தோறும் வரிசையில் நிற்கும் முன்பின் அறியாத மனிதரின் குடற்புண்ணை அறுத்துத் தைப்பதற்கு, ஆர்வம் வடிந்துபோன பிறகும் நிற்கும் ஏதோ ஒன்று தேவை. அதைத்தான் விவிலியம் கட்டளை என்கிறது என்று நினைக்கிறேன். உணர்ச்சி ஓய்ந்த நாளிலும் மடையை அடைக்கச் சொல்வது அதுதான்.

யார் பிறன் என்று சட்ட அறிஞர் ஒருவர் கேட்டபோது, இயேசு சமாரியன் ஒருவனின் கதையைச் சொன்னார். கேட்டவர் வெறுத்த இனத்தவன் கதையின் நாயகனானான். அன்பின் பிரமாணம் நமக்கு மட்டும் தரப்பட்ட உடைமை அன்று என்பதையும் அந்தக் கதை சொல்கிறது. 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் கலவரம் மூண்டு, துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் மடிந்து, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க அஞ்சிய நாள்களில், அமைதிப் பணிக்காக இங்கே வந்தவர்களில் முதன்மையானவர் காவியுடுத்த சைவத் துறவி குன்றக்குடி அடிகளார். அந்த நாள்களில் சமாரியன் யார், வழியோடு விலகிப் போனவர் யார் என்று நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

பேச்சிப்பாறைக்கு மீண்டும் வருகிறேன். பேச்சி என்னும் தாய்த்தெய்வத்தின் பெயரைத் தாங்கிய ஊர். திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது அணை. கட்டிய பொறியாளர் அலெக்சாண்டர் மிஞ்சின் 1913இல் இறந்து, அணையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஊரார் வாயில் அவர் ‘மூக்கன் துரை’. அவருடைய கல்லறைக்குச் சென்று வணங்கும் உழவர்களில் எல்லாச் சமயத்தவரும் உண்டு.

ஆனால் அணைக்கு மேலே, நீர்த்தேக்கத்தின் அந்தக் கரையில், காணி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ வர அவற்றில் சிலவற்றுக்கு நீண்டகாலம் படகே வழியாக இருந்தது. மழைக்காலத்தில் காட்டாறு பெருகினால் தரைப்பாலங்கள் மூழ்கிப் போக்குவரத்து நின்றுவிடும். கீழே இருக்கும் நாங்கள் கடைவரம்புக்குத் தண்ணீர் வரவில்லை என்று முறையிட்டபோதெல்லாம், இந்த நீர் தேங்கி நிற்கும் இடத்தைச் சுற்றி வாழ்பவர்களைப் பற்றி நினைத்ததில்லை. என் தகப்பனாரும் நினைத்ததில்லை. கிறிஸ்துமஸ் காலத்தில் சபையிலிருந்து படகேறிப் போய்த் துணிமணியும் கேக்கும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறோம். சென்ற முறை அங்கே ஒரு மூதாட்டி பொட்டலத்தை வாங்கி வைத்துவிட்டு, “அடுத்து எப்போ வருவிய?” என்று கேட்டார். எங்களில் யாரிடமும் பதில் இல்லை.