பைத்தானில் எழுதிய ஷெல் எதுவரை செல்லும்?

லினக்ஸ், மேக் முதலிய இயங்குதளங்களில் பயனர் தட்டெழுதும் கட்டளையை வாங்கி, சொற்களாகப் பிரித்து, உரிய நிரலைத் தேடி இயக்கி, அது முடிந்ததும் அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். கட்டளை வரியைப் பிரிப்பதற்கான ஷெலெக்ஸ், பிற நிரல்களை இயக்குவதற்கான சப்பிராசஸ் ஆகிய இரு தொகுதிகளும் பைத்தான் மொழியுடனேயே கிடைப்பதால், பொழுதுபோக்காக எழுதுபவர்கூட சில பத்து வரிகளில் ஓரளவு இயங்கும் ஷெல்லை ஆக்கிவிடலாம்.

முதல் சிக்கல் கோப்புறை மாற்றும் 'சிடி' கட்டளையிலேயே எழுகிறது. ஷெல் இயக்கும் ஒவ்வொரு நிரலும் தனிச் செயல்முறையாக ஓடுவதாலும், அச்செயல்முறை தன் கோப்புறையை மாற்றிக்கொண்டாலும் தாய்ச் செயல்முறையான ஷெல் இருந்த இடத்திலேயே இருப்பதாலும், இக்கட்டளையை ஷெல்லே தன்னுள் நிறைவேற்ற வேண்டியுள்ளது. இது எளிதில் தீர்வது. கன்ட்ரோல்-சி விசை அப்படியன்று. அவ்விசையை அழுத்தியதும், முனையத்தின் முன்னணியில் உள்ள செயல்முறைக் குழு முழுவதற்கும் இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் குறுக்கீட்டுச் சமிக்ஞையை அனுப்புகிறது. தன்னையும் தான் இயக்கிய நிரலையும் ஒரே குழுவில் விட்டுவைத்த ஷெல், அச்சமிக்ஞையைக் கையாளாவிட்டால், நிரலோடு சேர்ந்து தானும் மடிகிறது. ஒரு நிரலின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீடாக்கும் பைப் தொடர் ஒவ்வொன்றையும் தனிக் குழுவாக்கி, முனையத்தை அதனிடம் ஒப்படைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் பெறுவதே முறையான தீர்வாகும். பொழுதுபோக்கு ஷெல்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

பிரையன் ஃபாக்ஸ் எழுதி 1989இல் வெளிவந்த பாஷ் என்னும் ஷெல், இவற்றையெல்லாம் நெடுங்காலமாகச் செய்துவருகிறது. எனினும் முதிர்ச்சி என்பது குறையின்மையன்று: 2014இல் வெளிப்பட்ட 'ஷெல்ஷாக்' என்னும் பாதுகாப்புக் குறை ஏறத்தாழ 25 ஆண்டுகள் அதனுள் கவனிக்கப்படாமல் கிடந்தது. மேலும், 1979ஆம் ஆண்டின் போர்ன் ஷெல்லுடைய இலக்கணத்தைத் தழுவி நிற்பதால், கோப்புப் பெயரில் இடைவெளி இருந்தாலே பாஷ் நிரல்கள் பிழைபடுவதுண்டு. தசம எண்களை அதனால் கூட்டவும் இயலாது. 2005இல் தோன்றிய ஃபிஷ் என்னும் ஷெல், பழைய இலக்கணத்தைத் துணிந்து கைவிட்டு, முன்னர் எழுதிய கட்டளைகளைத் தட்டெழுதும்போதே பரிந்துரைக்கும் வசதியைத் தந்தது.

பைத்தானின் பட்டியல்களையும் எண்களையும் கட்டளை வரிக்கே கொண்டுவரும் ஆசையும் வீணானதன்று என்பதற்கு 2015 முதல் வளர்ந்துவரும், பைத்தானில் எழுதப்பட்ட ஸான்ஷ் என்னும் ஷெல் சான்றாகும். கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ் -எல்' என்ற கட்டளை பைத்தானின் கண்ணுக்கு ஒரு கழித்தல் கணக்காகவும் தெரியக்கூடுமாதலால், அப்பெயர்களில் மாறிகள் உள்ளனவா என்று பார்த்தே ஸான்ஷ் முடிவு செய்கிறது. ஆயினும் ஒவ்வொரு முறையும் பைத்தானைத் தொடங்குவதற்கான தாமதம் நீங்குவதில்லை. கணினி தொடங்கும் வேகத்துக்காக 2006இல் பாஷையே ஒதுக்கி, இலகுவான டாஷ் ஷெல்லை அமைப்பு நிரல்களுக்கு ஏற்றுக்கொண்ட உபுண்டு லினக்ஸ் போன்ற சூழலில் இது சிறு குறையன்று.

இயங்குதளத்தின் உட்புறத்தை அறிய விரும்புவோர் சொந்தமாக ஒரு ஷெல் எழுதிப் பார்ப்பது பயனுள்ளது. ஆனால் அதை உள்நுழைவு ஷெல்லாக அமைத்துவிடாமல் பாஷிலிருந்தே தொடங்க வேண்டும். இல்லையேல், அதிலுள்ள ஒரு பிழை பயனரைத் தம் கணக்குக்குள்ளேயே நுழையவிடாமல் தடுத்துவிடக்கூடும்.