ஒப்பந்தம் கிடைத்த பிறகும் கால்பந்து வீரரின் நுட்பக் குறைகளைச் சரிசெய்ய முடியுமா?

வேகம் இருக்கிறது, உடல் வலிமையும் இருக்கிறது. ஆனால் இடது காலால் பந்தை அடிக்கத் தயங்குகிறார், வரும் பந்தை முதல் தொடுதலிலேயே கட்டுப்படுத்தத் தவறுகிறார். 18, 19 வயதில் தொழில்முறை கிளப்பில் சேரும் பல வீரர்களைப் பற்றிப் பயிற்சியாளர்கள் கூறுவது இதுதான். இக்குறை இனி நீங்குமா என்பதைப் பொருத்தே அவரது அடுத்த ஒப்பந்தம் அமைகிறது.

பந்துடனான பழக்கம் 12 வயதுக்குள் அமைந்துவிடும், அதன்பின் மெருகேற்ற மட்டுமே முடியும் என்பது கால்பந்து உலகின் பழைய நம்பிக்கை. அது பாதி உண்மையே.

இங்கிலாந்தின் ரஹீம் ஸ்டெர்லிங் மான்செஸ்டர் சிட்டி அணிக்காக 2016-17 பிரீமியர் லீக் பருவத்தில் 7 கோல்கள் மட்டுமே அடித்தார். அடுத்த பருவத்தில் அந்த எண்ணிக்கை 18 ஆக உயர்ந்தது. அப்போது அவருக்கு வயது 23-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. தலைமைப் பயிற்சியாளர் பெப் குவார்டியோலாவின் உதவியாளராக இருந்த மிக்கேல் ஆர்டெட்டா, கோல் அடிக்கும் பயிற்சியை அவருக்குத் தனியாக அளித்தார். அவர் காலின் வலிமை கூடிவிடவில்லை. கோல் கம்பத்துக்கு அருகே எந்த நொடியில் சென்று நிற்பது என்பதில் அவர் தேர்ச்சி பெற்றார். எளிதான வாய்ப்புகளை வீணடிக்கிறார் என்ற விமர்சனம் அதன்பிறகும் ஓயவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

கிறிஸ்டியானோ ரொனால்டோவின் கதையும் இத்தகையதே. மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காக 2006-07 பருவத்தில் அனைத்துப் போட்டிகளிலும் சேர்த்து 23 கோல்கள் அடித்த அவர், மறு பருவத்தில் 42 கோல்கள் அடித்தார். 2007 ஆகஸ்டில் சிவப்பு அட்டை பெற்று 3 ஆட்டங்களுக்குத் தடை விதிக்கப்பட்ட காலத்தில், பயிற்சியாளர் ரெனே மியூலன்ஸ்டீன் அவருடன் தனியாகப் பணியாற்றினார். தண்டனையாக வந்த ஓய்வுதான் பயிற்சிக்கு நேரம் தந்தது.

நேரமே இங்கு முதன்மைச் சிக்கல். வாரத்துக்கு 2 ஆட்டங்கள் இருக்கும்போது எஞ்சிய நாள்கள் களைப்பு நீங்கவும், எதிரணிக்கான திட்டம் வகுக்கவுமே போதுமானவை. மேலும், ஊறிப்போன பழக்கத்தை மாற்றத் தொடங்கும் வீரரின் ஆட்டம் முதலில் சற்று மோசமடையவே செய்யும். வெற்றி நெருக்கடியில் உள்ள எந்தப் பயிற்சியாளரும் அதற்குக் காத்திருப்பது அரிது.

எல்லாக் குறைகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. நின்ற இடத்திலிருந்து செய்யும் திறன்கள் எளிதில் மேம்படும். லிவர்பூல் அணி 2018-இல் த்ரோ-இன் பயிற்சிக்கென்றே தாமஸ் குரோனமார்க்கை நியமித்தது. வளர்ந்த வீரர்களுக்கும் பந்தை எறியக் கற்றுத்தர முடியும் என்ற எண்ணமே அதற்குக் காரணம். ஆனால் தடுப்பாட்டக்காரர் நெருங்கி வரும்போது பந்தைக் கட்டுப்படுத்துவதில் யோசிக்க நேரமில்லை; பழைய பழக்கமே கால்களை இயக்குகிறது. காலி மைதானத்தில் ஆயிரம் முறை செய்தது அங்கு உதவாமல் போவது இதனால்தான். நெதர்லாந்தின் ஆர்யென் ராபன் போன்றோர் வலது காலைச் சீராக்குவதைவிட இடது காலின் வலிமையை நம்பினர். 2013 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பேயர்ன் மூனிக்கின் வெற்றி கோலை அவர் அடித்ததும் இடது காலால்தான்.

இந்தியாவில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. முறையான பயிற்சியைப் பதின்ம வயதில்தான் பெறும் வீரர்கள் இங்கு பலர். எனவே ஒப்பந்தத்துக்குப் பிறகு கற்க வேண்டியதும் அதிகம். உயரம் 170 செ.மீ. மட்டுமே உள்ள சுனில் சேத்ரி, ஓய்விலிருந்து திரும்பி 2025 மார்ச்சில் ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகத் தலையால் முட்டி கோல் அடித்தபோது அவருக்கு வயது 40. உயரத்தை மாற்ற இயலாது. எம்பும் நொடியையும், பக்கவாட்டிலிருந்து வரும் பந்தின் பாதையையும் கணிக்கும் திறன் பயிற்சியால் வளரும். அதற்கு வழக்கமான பயிற்சி முடிந்த பின்னும் இளம் வீரருடன் மைதானத்தில் நிற்கும் ஒரு பயிற்சியாளர் தேவை. அந்தச் செலவை ஏற்க எத்தனை கிளப்புகள் முன்வரும் என்பதே இப்போதைய கேள்வி.