எஸ்.எம்.பி.எஸ்.: மார்க் போட்டு வாங்குங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் பிராசசர், ராம் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பார்கள். எஸ்.எம்.பி.எஸ். என்றதும் "ஏதாவது ஒன்று போடுங்கள்" என்று விட்டுவிடுவார்கள். எல்லா பாகங்களுக்கும் மின்சாரம் தருவது அதுதான். அது கெட்டால் மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்தே கெடுக்கலாம். உங்கள் குடும்பப் போட்டோக்களும் போய்விடும்.

நண்பர்களுக்குத் தேர்ந்தெடுத்துத் தரும்போது நான் பின்பற்றும் முறை இது.

முதலில் பாஸ், ஃபெயில்: ஏ.டி.எக்ஸ். விதிப்படி 5 வோல்ட் லைன் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் நிற்க வேண்டும். 12 வோல்ட் லைனில் ரிப்பிள் எனப்படும் அலைவு 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஓவர்லோட், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பும் அவசியம். ஒன்றில் தவறினாலும் ஃபெயில்தான். கலர் லைட்டுக்கு மார்க் கொடுத்து அதைப் பாஸ் ஆக்காதீர்கள். இவற்றை வீட்டில் அளக்க முடியாது. முழு லோடு கொடுத்து, கருவி வைத்துச் சோதித்த விமர்சனங்களில் பாருங்கள்.

அடுத்து மார்க்: திறனுக்கு 4, வாரண்டிக்கு 3, சத்தத்திற்கு 2, கேபிளுக்கு 1. '80 பிளஸ்' முத்திரை இருந்தால், 20, 50, 100 சதவீத லோடுகளில் குறைந்தது 80 சதவீதத் திறன் உண்டு என்று பொருள். ஆனால் அது பாதுகாப்புச் சான்று அல்ல.

450 வாட்டை 450 வாட்டோடு மட்டும் ஒப்பிடுங்கள். மார்க் போட்டு முடித்த பிறகே விலையைப் பாருங்கள். விலையை முதலில் பார்த்தால், மலிவானதற்கு நம்மை அறியாமலே மார்க் கூடிவிடும்.