அல்லியரசியின் அயலூர்

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், முசலிப் பிரதேசத்தின் கடைசி ஊர்களில் ஒன்றாக இருப்பது முள்ளிக்குளம். அதற்குத் தெற்கே மோதரகம் ஆறு கடலோடு கலக்கிறது. ஆற்றுக்கு அப்பால் வில்பத்துக் காடு. காட்டின் கரையோரமாக இன்னும் தெற்கே போனால் குதிரைமலை முனை வரும். மேலே செம்மண் மேடு, கீழே ஆழ்கடல். அங்கே மண்ணுள் புதைந்தும் அலைகளில் கரைந்தும் கிடக்கும் கட்டடச் சிதைவுகளைக் காட்டி, இதுதான் அல்லியரசியின் தலைநகரம் என்று எமது கரையோர மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். நகரத்தின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய் விட்டதாம்.

ஆண் துணையின்றித் தனித்து நாடாண்டவள் அல்லி. 'அல்லி அரசாணி மாலை' என்னும் கதைப்பாடல் அவளை மதுரையில் அரசாள வைக்கிறது. எங்கள் ஆட்கள் மட்டும் அவளை விட்டுக் கொடுப்பதாயில்லை. சிலாபத்துறைக்கு அண்மையில், அரிப்புக் கடற்கரையில் இடிந்து நிற்கும் மாளிகையைக் கூட அவர்கள் அல்லிராணிக் கோட்டை என்றே அழைக்கிறார்கள். உண்மையில் அதைக் கட்டியவர் பிரித்தானியரின் முதலாவது ஆளுநர் பிரெடெரிக் நோர்த். 1801க்கும் 1804க்கும் இடையில், முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்வதற்காகக் கட்டினார். கல்லும் சாந்தும் ஆளுநருடையதாக இருந்தாலும், மக்கள் வாயில் நின்றது அரசியின் பெயர்தான்.

அல்லியின் கதையை வரலாறு என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் அந்த முனைக்குப் பழைய பெருமை உண்டென்பதை அறிஞர்களும் ஏற்கிறார்கள். கிறிஸ்துவுக்குப் பின் முதலாம் நூற்றாண்டில் உரோமானிய எழுத்தாளர் பிளினி, காற்றால் அடித்துவரப்பட்ட ஒரு கப்பல் இலங்கையின் 'கிப்புரோஸ்' என்ற துறையை அடைந்ததாக எழுதினார். கிரேக்க மொழியில் 'கிப்போஸ்' என்றால் குதிரை. ஆகவே அது குதிரைமலையே என்பது பலரின் கருத்து. அதற்குத் தெற்கே பொம்பரிப்பில் ஈமத்தாழிகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவை தமிழ்நாட்டின் ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தவை என்று ஆய்வாளர் எழுதியுள்ளனர்.

இந்தப் பழம்பெருமைக்கு அயலில்தான் முள்ளிக்குளத்து மக்கள் வயல் செய்தும் கடலில் தொழில் செய்தும் வாழ்ந்தார்கள். பெயரிலேயே குளம் இருக்கிறது. ஊரைச் சுற்றியும் சிறு குளங்கள் இருந்தன. வடகீழ்ப் பருவ மழை ஐப்பசியில் தொடங்கினால் குளங்கள் நிரம்பும், பெரும்போக நெல் விளையும். மாரி முடிந்தால் மேட்டுக்காணியில் தோட்டம், கரையில் மீன். ஆண்கள் கடலுக்குப் போக, களை பிடுங்குவதும் அரிவி வெட்டுவதும் ஆடு மாடு பார்ப்பதும் பெண்கள் கையில். இப்படிப்பட்ட ஊரில் ஒரு குடும்பம் கடனில்லாமல் வாழ்வதற்குக் கடலும் வயலும் இரண்டும் வேண்டும். ஒன்று பொய்த்த வருடத்தில் மற்றது சோறு போடும்.

போர் முசலியின் எல்லா ஊர்களையும் கலைத்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். அப்போது மரிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழி ஆகிய அயலூர்களின் குடும்பங்கள் புத்தளம் முகாம்களுக்குப் போயின. அந்தச் சகோதரிகள் அங்கேயே பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, கட்டியும் கொடுத்தார்கள். போர் முடிந்து திரும்பியபோது வளவுகளில் காடு வளர்ந்திருந்தது. 2012இல் மரிச்சுக்கட்டி, கரடிக்குழிப் பகுதி வன ஒதுக்கமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. இருபது வருடம் ஆளில்லாத வளவில் மரம் முளைப்பது இயற்கை. அந்த மரத்தையே ஊர் இருந்ததற்கு எதிர்ச்சாட்சியாக ஆக்கலாமா என்பது அவர்களுடைய கேள்வி.

முள்ளிக்குளத்தாரின் முறை 2007 செப்டெம்பரில் வந்தது. சில நாட்களில் திரும்பலாம் என்ற நம்பிக்கையோடு, உடுத்த உடுப்போடு வெளியேறினார்கள். வீடுகள், தேவாலயம், பாடசாலை, குளங்கள் எல்லாவற்றையும் உள்ளடக்கிக் கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அங்கே அமைந்தது. மக்கள் மன்னாரின் வேறு ஊர்களில் உறவினர் வீடுகளிலும் கொட்டில்களிலும் தங்கினார்கள். 2012இல் ஒரு பகுதியினர் இனிக் காத்திருக்க முடியாதென்று ஊருக்கு அருகே மலங்காட்டில், மரங்களுக்குக் கீழே வந்து அமர்ந்தார்கள். காயாக்குழியிலும் சில குடும்பங்கள் குடியமர்ந்தன. தன் வீட்டு முற்றம் கூப்பிடு தூரத்தில் இருக்க, தறப்பாளின் கீழே உலை வைப்பது எப்படி இருக்கும் என்பதை இதை வாசிக்கும் பலருக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

2017 மார்ச் 23ஆம் திகதி முகாமுக்கு முன்னால் தொடர் போராட்டம் தொடங்கியது. வெயிலிலும் இரவுப் பனியிலும் அங்கே இருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாறி மாறிச் சமைத்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து அமர்ந்தார்கள். முல்லைத்தீவில் பிலக்குடியிருப்புப் பெண்கள் இருந்து காணி மீட்ட செய்தி அவர்களுக்குத் தைரியம் கொடுத்திருந்தது. 38ஆம் நாள், ஏப்ரல் 29ஆம் திகதி, 100 ஏக்கர் விடுவிக்கப்படுமென்று கடற்படைத் தளபதி அறிவித்தார். கடற்படைக் குடும்பங்கள் வசித்த வீடுகளுக்கு மேலும் மாதங்கள் வேண்டுமென்று சொல்லப்பட்டது.

இங்கே ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். ஏக்கர்க் கணக்கு பத்திரிகைத் தலைப்புக்குப் போதும், விவசாயிக்குப் போதாது. வயல் வெளியே கிடைத்து, அதற்கு நீர் பாய்ச்சும் குளம் வேலிக்குள்ளே நின்றால் அந்த வயல் வானம் பார்த்த பூமிதான். கரைக்குப் போகும் பாதை இல்லாவிட்டால் தோணி இருந்தும் பயனில்லை. காணி விடுவிப்புப் பற்றிக் கூட்டம் நடக்கும்போது எத்தனை ஏக்கர் என்று மட்டும் கேட்டுவிட்டு வரக் கூடாது. எந்தக் குளம், எந்த வாய்க்கால், எந்தப் பாதை என்றும் பெண்கள் கேட்க வேண்டும். வாய்க்காலின் நீளத்தை நடந்து அறிந்தவர்கள் நாங்கள்தானே.

அடுத்தது பத்திரம். எமது ஊர்களில் அரச காணி பெரும்பாலும் கணவர் பெயரிலேயே எழுதப்பட்டது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி, பின்னுரித்தாளரை நியமிக்காமல் அனுமதிப்பத்திரக்காரர் இறந்தால் மனைவிக்கு ஆயுள் உரிமை மட்டுமே. அவளுக்குப் பின் மகளை விட மகனுக்கே முதலிடம். மகன், மகள் என்ற இந்த வேற்றுமையை 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் நீக்கியது. கணவர் காணாமல் ஆக்கப்பட்டவராயின், இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்க மனம் ஒப்பாத சகோதரிகள், ஆள் காணப்படாமையைக் குறிக்கும் சான்றிதழைப் பெறலாம். 2016ஆம் ஆண்டின் திருத்தம் இதற்கு இடமளித்தது. அதைக் கொண்டு அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கவும் விண்ணப்பிக்கலாம்.

இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்தவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. பதியப்பட்ட உறுதியானால் காணிப் பதிவகத்தில் அதன் பிரதி இருக்கும். அனுமதிப்பத்திரமானால் பிரதேச செயலகக் காணிக் கிளையின் பேரேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். இலக்கம் நினைவில்லாவிட்டாலும் கணவரின் முழுப்பெயர், கிராம அலுவலர் பிரிவு, நான்கு எல்லைக்காரரின் பெயர்கள், எந்தக் குளத்தின் கீழான காணி என்பவற்றைச் சொல்லித் தேடலாம். போகுமுன் அவற்றை ஒரு கொப்பியில் எழுதிக் கொள்ளுங்கள். ஊரின் வயது முதிர்ந்த அம்மாமாரிடம் கேட்டால் எல்லைக்காரர் பெயர்கள் பிசகாமல் வரும்.